தரையில் ஒரு பாய், கைக்கெட்டும் கரும்பலகை

கற்கும் இடம் குழந்தையின் மனத்தை எவ்வாறு மாற்றுகிறது? சித்தூர் மண்ணில் விளைந்து தமிழகம் வரை பரவிய ஒரு கல்வி முயற்சி சொல்லும் பாடம்

மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கட்டணம் எவ்வளவு? பத்தாம் வகுப்பில் தேர்ச்சி எத்தனை விழுக்காடு? பள்ளிப் பேருந்து நம் தெருவுக்கு வருமா? சேமிப்புக் கணக்கில் இருக்கும் தொகை போதுமா, அல்லது வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க வேண்டியிருக்குமா? ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் செலவிடுவது பிள்ளைகளின் கல்விக்குத்தான். ஆகவே இத்தனை கேள்விகளும் நியாயமானவையே.

ஆனால் ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் என் குழந்தை அமர்ந்திருக்கப்போகும் இடம் எப்படிப்பட்டது? அங்கே வெளிச்சமும் காற்றும் வருமா? கரும்பலகை கண்ணுக்குத் தெரியுமா? தாகம் எடுத்தால் தண்ணீர் கிடைக்குமா? தெரியவில்லை என்று சொன்னால் அடி விழுமா, விளக்கம் கிடைக்குமா?

இவை வசதியைப் பற்றிய கேள்விகளாகத் தோன்றலாம். உண்மையில் இவை கற்றலைப் பற்றிய கேள்விகள். உடலும் மனமும் நிலைகொள்ளாத இடத்தில் குழந்தை பாடத்தைக் கவனிப்பதில்லை. மணி அடிப்பதையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, மிக எளிய பொருள்களைக் கொண்டு விடை கண்ட மண் நமக்கு மிக அருகில் இருக்கிறது.

அச்சம் நுழையாத பள்ளத்தாக்கு

1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டம், தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் நிலம். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் பள்ளிக் கல்வி பயின்றவர். அவருடைய பிறந்த நாளைத்தான் நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. 1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. 2022ஆம் ஆண்டின் மாவட்டச் சீரமைப்பில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த மதனப்பள்ளியும் அப்போதுதான் அதிலிருந்து பிரிந்தது.

அந்த மதனப்பள்ளியில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் தத்துவச் சிந்தனையாளர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. சிறுவனாக இருந்தபோது பாடத்தில் மனம் பதியாமல், பள்ளியில் அடிக்கடி பிரம்படி பட்டவர் அவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மந்தமான பிள்ளை என்றே அன்றைய ஆசிரியர் அவரை எண்ணினார். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில், அச்சம் இருக்கும் இடத்தில் கற்றல் நிகழாது என்பதை உலகெங்கும் எடுத்துச் சொன்னார்.

அவர் சொல்லோடு நிற்கவில்லை. மதனப்பள்ளிக்கு அருகே, குன்றுகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றைப் பள்ளிக்கென 1920களில் தேர்ந்தெடுத்தார். 1930களின் தொடக்கத்திலிருந்து அங்கே ரிஷிவேலிப் பள்ளி இயங்கி வருகிறது. மழை குறைந்த அந்நிலத்தில் ஆண்டுக்கணக்கில் மரக்கன்றுகள் நடப்பட்டன. இன்று அப்பள்ளத்தாக்கு பறவைகளின் புகலிடமாக அறியப்படுகிறது. மாலையில் மாணவர்கள் ஒன்றுகூடி, பேச்சின்றி அமர்ந்து, கதிரவன் மறைவதைப் பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. அதற்கு ‘அஸ்தாசல்’ என்று பெயர். நாள் முழுவதும் பாடத்தில் உழன்ற மனத்திற்குச் சற்றே ஓய்வு தருவதும் கல்வியின் ஒரு பகுதிதான் என்பதே அதன் பொருள்.

இதைப் படிக்கும்போது ஓர் ஐயம் எழலாம். விடுதியும் தோப்புமாக, கட்டணம் செலுத்திப் படிக்கும் பள்ளியில் இவை இயலும். ஓராசிரியர் மட்டுமே உள்ள சிற்றூர்ப் பள்ளிக்கு இவை எவ்வாறு பொருந்தும்? அந்த ஐயத்திற்கான விடையும் அதே பள்ளத்தாக்கிலிருந்துதான் கிடைத்தது.

ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஒரு கற்றல் ஏணி

ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மானாவாரி விவசாயிகள், ஆடு மேய்ப்பவர்கள், கூலித் தொழிலாளர்கள். கடலை பிடுங்கும் காலத்தில் குழந்தையும் வயலில் நிற்கும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நாளில் அக்காவுக்குப் பள்ளி இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாது. வெட்கமும் அச்சமும் சூழும். பிறகு ஒரு நாள் அந்தக் குழந்தை பள்ளிக்கு வருவதையே விட்டுவிடும். வறுமை அந்தக் குழந்தையைச் சில நாள்கள்தான் பள்ளியிலிருந்து பிரித்தது. முற்றாகப் பிரித்தது, பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சம்.

1980களின் பிற்பகுதியிலிருந்து ரிஷிவேலியின் கிராமக் கல்விப் பிரிவில் பணியாற்றிய பத்மநாப ராவ், ரமா இணையர் இந்தக் கூச்சத்தை நீக்குவதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டனர். சிற்றூர்களில் ஓரறைப் பள்ளிகள் எழுந்தன. பாடநூலை அடிப்படையாகக் கொண்ட வகுப்பு முறைக்கு மாற்றாக, பாடம் முழுவதும் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண்ணும் ஒரு சின்னமும் உண்டு. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் தொங்கும் ‘கற்றல் ஏணி’ காட்டும். குழந்தை தான் நிற்கும் படியை ஏணியில் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் அமரும். புதிய பாடம் தொடங்குவோர் ஆசிரியரோடு இருப்பர். பயிற்சி செய்வோர் தோழர்களோடு இருப்பர். கற்றதைச் சரிபார்ப்போர் தனித்திருப்பர்.

இதன் பயனை எண்ணிப் பார்ப்போம். இரண்டு வாரம் வராத சிறுமி திரும்பி வரும்போது, அவள் விட்டுச் சென்ற படி அங்கேயே காத்திருக்கிறது. யாரும் அவளைப் ‘பின்தங்கியவள்’ என்று சொல்வதில்லை. ஏனெனில் அனைவரும் ஒரே நாளில் ஒரே பாடத்தைப் படிக்கும் வகுப்பே அங்கு இல்லை. ஒரே அறையில் பல வயதுக் குழந்தைகள் இருப்பது குறையாக இல்லாமல் பயனாக மாறியது. மூத்த பிள்ளை சொல்லிக்கொடுக்க இளைய பிள்ளை கற்றது.

இது நம் மரபுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொன்னான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் கையாண்டார். 1797இல் அதைப் பற்றி அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அந்தத் திண்ணையில் பிரம்பும் இருந்தது. ரிஷிவேலி திண்ணையின் தோழமையை எடுத்துக்கொண்டு, பிரம்பை விட்டுவிட்டது.

அறையும் மாறியது. குழந்தைகள் தரையில் பாய் விரித்து வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். ஊர் மக்கள் சொன்ன கதைகளும் பாடல்களும் பாட அட்டைகளில் இடம்பெற்றன. ஊரார் கூடும் ‘மெட்ரிக் மேளா’ என்னும் சந்தையில் குழந்தைகளே பெரியவர்களின் எடையையும் உயரத்தையும் அளந்து, பொருள்களை விற்று, கணக்குப் பார்த்தனர். தம் பிள்ளை தராசு பிடித்துச் சரியாகச் சில்லறை எண்ணித் தருவதைக் கண்ட தாய்க்குப் பள்ளியின் பயனை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

எல்லை கடந்த ஏணி

1995இல் கர்நாடகத்தின் மைசூர் மாவட்டத்தில், எச்.டி.கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் ரிஷிவேலி முறையைக் கண்டறிந்து, தங்கள் பள்ளிகளுக்கேற்ப மாற்றினர். ‘நலி கலி’, அதாவது ஆடிப்பாடிக் கற்றல், என்ற பெயரில் அது அம்மாநிலத்தில் வேரூன்றியது.

தமிழகத்தில் இம்முறை வேரூன்றியது 2003ஆம் ஆண்டில். அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். பார்த்துத் திரும்பிய ஆசிரியர்கள் தமிழ்ப் பாடங்களுக்கான அட்டைகளைத் தாங்களே உருவாக்கினர். முதலில் 13 பள்ளிகளில் முறை தொடங்கியது. பின்னர் மாநகராட்சியின் மற்றத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. 2007-08 கல்வியாண்டில் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில், தமிழகம் முழுவதும் ஏறக்குறைய 37,000 பள்ளிகளில் ஒன்று முதல் நான்கு வகுப்புகள் வரை நடைமுறைக்கு வந்தது.

அக்காலத்தில் அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளின் பெற்றோர்க்கு அந்த வகுப்பறை நினைவிருக்கும். வரிசை வரிசையான பெஞ்சுகள் அகன்றன. அறையைச் சுற்றிலும், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓரிடம் உண்டு. தலைக்கு மேலே ‘கம்பிப் பந்தல்’ கட்டப்பட்டு, குழந்தைகள் வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் அதில் தொங்கின. வருகையைக் குழந்தை தானே குறித்துக்கொண்டது. கரும்பலகை என்பது ஆசிரியரின் சொத்து என்றிருந்த நிலை மாறி, அது குழந்தையின் சொத்தாயிற்று.

மேசையையும் அலமாரியையும் குழந்தையின் உயரத்திற்குச் செய்ய வேண்டும் என்பதை 1907இல் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி செய்து காட்டினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்கும் அவர் பயிற்சி அளித்தார். எனினும் அக்கருத்து நெடுங்காலம் கட்டணப் பள்ளிகளின் சிறு வட்டத்திற்குள்ளேயே நின்றது. மாநகராட்சிப் பள்ளியின் ஏழைக் குழந்தைக்கும் தன் உயரத்தில் ஒரு கரும்பலகை கிடைத்தது என்பதே செயல்வழிக் கற்றலின் பெரிய சாதனை.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முறை பரவிய வேகத்திற்கு ஈடாக ஆசிரியர் பயிற்சியும் மனமாற்றமும் எல்லா இடங்களிலும் நிகழவில்லை. சில பள்ளிகளில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் வெறும் சடங்காயின. குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்களா என்ற விமர்சனம் எழுந்தது. பின்னர் அம்முறை எளிமையாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அவ்விடத்தைப் பெற்றிருக்கிறது. ஆகவே இனிய சூழல் மட்டுமே கற்பித்துவிடாது. அது கற்றலுக்கான கதவைத் திறந்து வைக்கும். உள்ளே அழைத்துச் செல்ல, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் இழப்பு குழந்தைக்கே.

வெளிச்சம், வெப்பம், ஓசை

அச்சம் நீங்கிய மனத்திற்கு அடுத்ததாக வேண்டுவது இடையூறில்லாத உடல். இதைப் பற்றி அண்மைக் காலத்தில் அயல்நாடுகளில் விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை அளந்து, 3,766 மாணவர்களின் முன்னேற்றத்தோடு ஒப்பிட்டு, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டில் மாணவர்களிடையே காணப்படும் முன்னேற்ற வேறுபாட்டில் 16 விழுக்காடு வகுப்பறையின் அமைப்பைப் பொறுத்தது என்று அவர்கள் கண்டனர். அதில் ஏறக்குறைய பாதி, வெளிச்சம், காற்று, வெப்பநிலை ஆகிய இயற்கைக் கூறுகளால் விளைவது. இந்த அறை நம்முடையது என்னும் உணர்வும் அளவான வண்ணங்களும் எஞ்சிய பகுதிக்குக் காரணமாயின. சுவர் முழுவதும் படங்களை ஒட்டி நிரப்பினாலும் கவனம் சிதறும். வெறுமையாக விட்டாலும் மனம் சோரும்.

அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு வெப்பத்தைப் பற்றியது. குளிரூட்டும் வசதி இல்லாத பள்ளிகளில், ஒரு கல்வியாண்டின் சராசரி வெப்பநிலை ஒரு ஃபாரன்ஹீட் பாகை உயர்ந்தால், அவ்வாண்டின் கற்றலில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைகிறது என்கிறது அது. திருப்பதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் 40 செல்சியஸ் பாகையைத் தாண்டும் வெயிலை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. ஆந்திரத்தில் மார்ச் நடுப்பகுதியிலிருந்து பள்ளிகள் காலை வேளையில் மட்டும் இயங்கும் வழக்கமே இந்த அனுபவ அறிவின் வெளிப்பாடுதான். எல்லாப் பள்ளிகளுக்கும் குளிர்சாதனம் இயலாது. ஆயினும் எதிரெதிரே சாளரங்கள், வெள்ளையடித்த மேல்தளம், மேற்குச் சுவரை ஒட்டி இரண்டு வேப்ப மரங்கள் ஆகியவை எந்தப் பள்ளிக்கும் எட்டக்கூடியவை. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் கணக்குப் பாடம் நடத்துவதைக் காட்டிலும் மர நிழலில் நடத்துவது மேல்.

ஓசையும் அத்தகையதே. நியூயார்க் நகரில் உயர்த்தப்பட்ட இரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியில், 1970களில் அர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியலாளர் ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தார். பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்ற பிள்ளைகள், மறுபுறத்து அறைகளில் பயின்றவர்களைவிட வாசிப்பில் பல மாதங்கள் பின்தங்கியிருந்தனர். தண்டவாளத்தில் இரப்பர்த் தாங்கிகளும் வகுப்பறைகளில் ஓசையை உறிஞ்சும் மேல்தளமும் அமைக்கப்பட்ட பின் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பிள்ளைகளின் அறிவுத்திறன் இரு புறத்திலும் ஒன்றே. இடையே நின்றது ஓசை மட்டுமே. நெடுஞ்சாலையோரப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளையின் மதிப்பெண் குறையும்போது, அவனைக் கடிந்துகொள்ளும் முன் இதை நினைவில் கொள்ளலாம்.

இன்னொன்று, நாம் பேசத் தயங்குவது. கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதனால் தலைவலி, சோர்வு. பருவமடைந்த பின் மாதத்தில் சில நாள் விடுப்பு. பிறகு படிப்பே நின்றுபோவதும் உண்டு. இந்தியப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு முதல் கழிப்பறைகள் கட்டப்பட்டதன் விளைவை ஆராய்ந்து அஞ்சலி அதுகியா 2017இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் மாணவர் சேர்க்கை உயர்ந்ததைக் காட்டியது. வளரிளம் பெண்களைப் பொறுத்தவரை, அவர்களுக்கெனத் தனிக் கழிப்பறை இருந்த இடங்களிலேயே பயன் மிகுதியாகக் கிடைத்தது.

வீட்டு மொழியும் ஒரு சூழல்தான்

சித்தூர், திருப்பதிப் பகுதி வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிக்கல் உண்டு. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு இடையே வளரும் குழந்தைகள் பலர். பெரியவனான பின் அது அவனுக்குப் பெரும் செல்வம். ஆனால் ஆறு வயதில், ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதே புரியாத அறையில் அமர்ந்திருப்பது தனிமை. கேள்வி கேட்கச் சொற்கள் இல்லாத பிள்ளை அமைதியாகிவிடும். அதை நாம் அடக்கம் என்று பாராட்டிவிடுகிறோம்.

இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, இயலும் இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டு மொழியில் கற்பிப்பதை வலியுறுத்துகிறது. எந்தப் பயிற்றுமொழியைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தாலும், முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை தன் வீட்டு மொழியில் ஐயம் கேட்க இடம் தரும் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்ப்பது பயனுள்ளது.

சட்டம் தந்த உரிமை

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்கிறது. அச்சமும் மன அழுத்தமும் இன்றிக் குழந்தை கற்க வேண்டும் என்பதைக் கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகவே அது எழுதி வைத்துள்ளது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டுத் திடல், மாற்றுத்திறன் குழந்தைகளும் தடையின்றி நுழையும் வாயில் ஆகியவை அச்சட்டம் வகுத்த அளவுகோல்கள்.

ஆந்திர அரசு 2019 நவம்பர் 14 அன்று தொடங்கிய ‘மன படி – நாடு நேடு’ திட்டத்தின் முதற்கட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஓடும் நீருடன் கூடிய கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, விளக்கு, இருக்கைகள், பச்சைப் பலகை, வண்ணப்பூச்சு முதலிய பணிகள் மேற்கொள்ளப்பட்டன. ‘நம் பள்ளி – அன்றும் இன்றும்’ என்பது அப்பெயரின் பொருள். கட்டியதைப் பேணுவதுதான் இனி முக்கியம். குழாய் உடைந்த கழிப்பறையும் சுழலாத மின்விசிறியும் பழைய நிலைக்கே பள்ளியைக் கொண்டு சேர்த்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்கு இடமுண்டு. அந்தக் கூட்டத்திற்குச் செல்வதும் பிள்ளையின் கல்விக்கு நாம் செய்யும் முதலீடுதான்.

பெற்றோர் கவனத்திற்கு

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன், விடுமுறை நாளில் செல்லாமல் பள்ளி நடைபெறும் நாளில், இயன்றால் நண்பகல் வேளையில் சென்று பாருங்கள். கீழ்க்காணும் கேள்விகளுக்கு உங்கள் கண்ணும் காதுமே விடை சொல்லும்.

• மின்சாரம் இல்லாதபோதும் அறையில் எழுத்து தெரியுமா? கடைசி வரிசையில் அமர்ந்தால் பலகை தெரிகிறதா?

• சாளரங்கள் திறந்திருக்கின்றனவா? அமர்ந்திருக்கும் குழந்தையின் கால் தரையில் படுகிறதா?

• குடிநீரும் கழிப்பறையும் குழந்தை நினைத்தபோது சென்று வரக்கூடியனவாக இருக்கின்றனவா, அல்லது இடைவேளைக்கு மட்டுமா?

• சுவரில் இருப்பவை குழந்தைகளின் கைவேலையா, கடையில் வாங்கிய படங்களா?

• வகுப்பறைகளின் முன் நடந்து செல்லும்போது குழந்தைகளின் குரல் கேட்கிறதா, ஆசிரியரின் அதட்டல் மட்டும் கேட்கிறதா?

• ஒரு வாரம் உடல்நலமின்றி விடுப்பில் இருந்த பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தலைமை ஆசிரியர் தரும் விடை அப்பள்ளியை உங்களுக்கு முழுமையாகக் காட்டிவிடும்.

வீட்டிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. படிப்பதற்கென நாள்தோறும் ஒரே இடம் இருக்கட்டும். தனி அறை தேவையில்லை, கூடத்தின் ஒரு மூலை போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால் எழுத்தின் மீது நிழல் விழாது. அவ்வேளையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். இன்று எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், இன்று வகுப்பில் என்ன கேள்வி கேட்டாய் என்று கேட்டுப் பாருங்கள்.

கல்விக்கென நாம் தொடர் வைப்பு தொடங்குகிறோம். உயர்கல்விக்குக் கடன் பெறுகிறோம். அந்த உயர்கல்வியின் வாயிலை எட்டும் முன்பே, கல்வியின் மீது பிள்ளைக்கு வெறுப்பு வந்துவிடாமல் காப்பது தொடக்கப் பள்ளியின் அறைதான். ரிஷிவேலியைச் சுற்றிய சிற்றூர்களில் அதற்குத் தேவைப்பட்டவை ஒரு பாய், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பலகை, அட்டைகள் அடங்கிய ஒரு பெட்டி, குழந்தையோடு தரையில் அமர மனமுள்ள ஓர் ஆசிரியர். வரும் கல்வியாண்டில் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் பிள்ளை அமரப்போகும் வகுப்பறையில் ஐந்து நிமிடம் நீங்களும் அமர்ந்து பாருங்கள்.